ஈ இல்லாத வீட்டில் கள்ளிமுளையான்

போன மாதம் முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்தார். "ஐயா, கள்ளிமுளையான் எந்த எடத்துல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நாங்க நாலு தூரு பேத்துக்கிட்டு வந்துட்றோம்" என்றார். செல்போனில் பூவின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டாராம். இடத்தைச் சொல்ல மாட்டேன் என்றேன். "காட்டுச் செடிதானே ஐயா, யாரு கேக்கப் போறா?" என்றார். "நான் கேப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்தபிறகு மனசு கேட்கவில்லை. ஆசைப்படுவது தப்பில்லையே. நானும் அந்தப் பூவுக்கு ஆசைப்பட்டவன்தான். சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த கல்லூரித் தோட்டத்தில் இப்போது இருக்கும் பெண்களிடம் இதைச் சொன்னபோது, "நீங்க வீட்டுல வளத்த கதைய எழுதிக் குடுங்கண்ணே, கேக்கறவங்களுக்கு அதையே காட்டிட்றோம்" என்றார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். தில்லைக் கூத்தனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செடியைச் சொல்கிறேன். முழங்கால் உயரம்கூட வராது. இலை கிடையாது. நாலு பட்டையாகச் சதை பிடித்த தண்டு மட்டும்தான். ஆடு மேய்ப்பவர்கள் நாவறட்சிக்கு நுனியை ஒடித்து மெல்லுவார்கள். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். புரட்டாசியில் ஒன்றிரண்டு மழை விழட்டும், அப்போது பாருங்கள். தண்டின் நுனியில் கருஞ்சிவப்பு நட்சத்திரங்களைச் சேர்த்துக் கட்டியது போல, எலுமிச்சம்பழ அளவில் ஒரு பூப்பந்து வரும். கண்ணுக்கு மாணிக்கம். மூக்குக்குச் செத்த எலி.

நம் கடலூர் ஜில்லாவில் பாலைவனம் கிடையாது. ஆனால் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காடுகளுக்கு நடுவே சில செம்மண் மேடுகள் இருக்கின்றன. சித்திரை வெயிலில் அங்கே ஒரு நாழி நின்றால் பாலைவனம் என்று தனியாக ஒன்று எதற்கு என்று தோன்றும். அந்த மேட்டுச் செடி இது. ஊர் பெயர் எழுத மாட்டேன்.

நான் தோட்ட வேலைக்கு வந்தது தினக்கூலியாக. தண்ணீர் இறைத்தேன், களை பிடுங்கினேன், பதியம் போடவும் ஒட்டுக் கட்டவும் கற்றுக்கொண்டேன், நிரந்தரம் ஆனேன். காலையில் கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, கீழக் கோபுரத்து வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். தில்லை என்பதே ஒரு மரத்தின் பெயர். கடலூரில் எங்கள் திருப்பாதிரிப்புலியூரும் பாதிரி மரத்தின் பெயரில் நிற்கிற ஊர். மரத்தடியில் குடியிருக்கும் சாமிகளைக் கும்பிடுகிறவனுக்குத் தோட்ட வேலை கிடைத்தது பூர்வ புண்ணியம் என்று நினைத்துக்கொள்வேன்.

என் நாற்பது வயசுக்கு மேல்தான் எஸ்தர் மேடம் தோட்டத்துப் பொறுப்புக்கு வந்தார்கள். கடலூர் முதுநகர்க்காரர், துறைமுகத்துப் பக்கம் வீடு. என்னைவிட வயசில் சின்னவர். யாரையும் அதட்ட மாட்டார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். வந்த புதிதில் ஒரு செம்பருத்தியைக் காட்டி, "என்ன பாத்தீங்க அண்ணே?" என்றார்கள்.

"நல்லா இருக்குங்க மேடம்."

"அது உங்க அபிப்பிராயம். என்ன பாத்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவனிடம் என்ன கேள்வி இது? முறைப்போடு திரும்பிப் போய்ச் செடியைச் சுற்றி வந்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது. "செவுத்துப் பக்கத்து எலைல மட்டும் அடியில வெள்ளப்பூச்சி இருக்குங்க" என்றேன்.

"இப்ப பாத்தீங்க" என்றார்கள். பாராட்டு என்றால் அவர்களிடம் அவ்வளவுதான். அதை வாங்குவதற்காகவே ஒரு செடியின் முன்னால் ரொம்ப நேரம் உட்காரப் பழகினேன்.

அவர்களோடுதான் அந்தச் செம்மண் மேட்டுக்கு முதலில் போனேன். மேட்டின் ஒரு பாதி தணிகாசலம் என்ற முந்திரி விவசாயிக்குச் சொந்தம், மறுபாதி அவர் பங்காளிக்கு. மேடம் இரண்டு பேரிடமும் நேரில் போய் அனுமதி கேட்டார்கள். தணிகாசலத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஊரு ஒலகமே முந்திரி கேட்டு வருது. நீங்க நாத்தம் புடிச்ச கள்ளியக் கேக்கறீங்களே! வேரோட புடுங்கிக்கிட்டுப் போங்கம்மா, புண்ணியமாப் போவும்."

"வேர்ல கை வெக்க மாட்டோங்க. பூக்காத தண்டுல நுனி மட்டும் போதும்" என்றார்கள் மேடம்.

மேட்டின் இந்தக் கோடியில் ஒரு தூர், அந்தக் கோடியில் ஒரு தூர். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தோம். ஒரே இடத்தில் எடுத்தால் என்ன என்று கேட்டேன். ஒரு தூரிலிருந்து எத்தனை துண்டு வைத்தாலும் அது ஒரே செடிதானாம். தன் மகரந்தத்தில் தான் காய்க்காதாம். வேறு தூரின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்குமாம்.

"சொந்தத்துல கட்டாதுன்னு சொல்லுங்க. அத்த மவ கூட ஆகாதா மேடம்?"

"அத்த மக ஆகும் அண்ணே. தன்னைத் தானே கட்டிக்கத்தான் ஆகாது."

தணிகாசலம் அதற்கும் சிரித்தார்.

துண்டு வைக்கும் முறையை எழுதிவிடுகிறேன். கத்தியை நெருப்பில் காட்டித் துடைத்துக்கொள்ள வேண்டும். தண்டு கிளைக்கிற கணுவில் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். வெட்டுவாயில் விறகுச் சாம்பலைத் தொட்டு, நிழலில் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். வெட்டின இடம் காய்ந்து தோல் மூடினபிறகுதான் மண்ணில் வைக்கலாம். அவசரப்பட்டால் அழுகிவிடும்.

அவசரப்படாமலே சிதம்பரத்தில் அழுகியது. அங்கே களிமண் பூமி, ஐப்பசி மழையில் காற்றே தண்ணீராக இருக்கும். தொட்டியில் வைத்த துண்டுகள் ஒவ்வொன்றாகக் குழைந்தன. மேடம் மீதியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க வீடு கடலூர் கேப்பர் மலை அடிவாரம்தானே? செம்மண்ணுதானே?" என்றார்கள்.

அப்படித்தான் கள்ளிமுளையான் என் வீட்டுத் தோட்டத்துக்கு வந்தது. பின்பக்கம் உடைந்த செங்கல்லைப் பரப்பி, மேலே செம்மண்ணும் ஆற்று மணலும் கலந்து, தண்ணீர் நிற்காமல் சரிவாக ஒரு மேடு கட்டினேன். காட்டில் அது முள்புதரின் அரைநிழலில் இருப்பதைப் பார்த்திருந்ததால், மேட்டில் ஒரு காரை முள்செடியை வளர்த்து அதன் காலடியில் இரண்டு தூரின் துண்டுகளையும், இரண்டு குடும்பமாக, எதிரெதிராக நட்டேன். விரல் விட்டுப் பார்த்து, அடிமண் காய்ந்தால்தான் தண்ணீர். பிழைத்துக்கொண்டது.

அந்தச் சந்தோஷம் அடுத்த தை மாதம் வரைக்கும்தான். தணிகாசலம் போன் செய்தார். "மேடத்த கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். போய்ப் பார்த்தோம். பங்காளி தன் பாதி மேட்டு மண்ணை விற்றுவிட்டார். இயந்திரம் வந்து அள்ளும்போது எல்லையைப் பார்க்கவில்லை. மேடு இருந்த இடம் தட்டையாக, சிவப்பாக, ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த புண் போல இருந்தது. சுற்றிச் சுற்றித் தேடினோம். ஒரு தூர்கூட இல்லை. அன்றைக்கு மேடம் என்னிடம் என்ன பாத்தீங்க என்று கேட்கவில்லை.

தணிகாசலம்தான் பேசினார். "வேலியோரம் எனக்கு ஒரு மூலை மிச்சம் இருக்குதும்மா. அதே மண்ணு, அதே காரைமுள்ளு. நீங்க செடி கொண்டாங்க, நான் மாடு ஆடு நொழையாம வேலி போட்டுக் காவந்து பண்றேன். சிரிச்சேன்ல அன்னிக்கி, அதுக்கு இது."

துண்டுகளையே கொண்டுபோய் நட்டுவிடலாம் என்றேன். மேடம் தலையை ஆட்டினார்கள். "துண்டு வெச்சா ரெண்டே ஆளுதான் அண்ணே. ஒரு நோய் வந்தா ரெண்டும் போயிடும். விதையில மொளைச்சாத்தான் ஒவ்வொண்ணும் வேற வேற ஆளு. பிள்ளைங்க வேணும்."

ஆக, அந்த மேட்டுக் குலத்தில் மிச்சம் என் வீட்டுப் பின்பக்கம் நிற்கிற இரண்டு குடும்பம்தான். அது காய்த்தால் உண்டு. காய்க்காவிட்டால் எங்களோடு சரி.

புரட்டாசி வந்தது. பூத்தது. இரண்டு குடும்பமும் ஒரே நாளில் பந்து பந்தாகப் பூத்தன. உதிர்ந்தன. காய் இல்லை. அடுத்த புரட்டாசியும் அப்படியே. அதற்கடுத்த புரட்டாசியும் அப்படியே. மேடம் பூதக்கண்ணாடியும் ஊசியுமாக வந்து, கையாலேயே மகரந்தம் வைத்துப் பார்த்தார்கள். கடுகைவிடச் சின்ன பூட்டுக்குள் சாவி நுழைக்கிற வேலை அது. பூ கிழிந்ததுதான் மிச்சம். எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கோயில் பாடலீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டு பிரதோஷம் தவறாமல் போய்வந்தேன்.

என் மனைவி கோமதியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வந்ததில்லை. கோமதி வாசல் தெளிப்பதும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பதும் தெருவே பார்த்துக் கற்றுக்கொள்ளும். அந்திக்கு விளக்கேற்றி, தூபக்காலில் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கக் காட்டுவாள். பூ பூத்த நாட்களில் பின்பக்கமும் போய், கள்ளிமுளையானைச் சுற்றி இன்னும் கூடுதலாகக் காட்டுவாள். "அது மேல என்ன தப்பு, பாவம். நாத்தத்த மட்டும் வெரட்டி வுட்றேன்" என்பாள். செடிக்குச் செய்கிற சேவையாகவே நினைத்துச் செய்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்து வந்த புரட்டாசியில் மேடம் ஒருநாள் வந்து மேட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். "அண்ணே, காலைலேர்ந்து பூவுல என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க மேடம். எறும்பு கூட வரல."

"ஈ?"

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்டுலயா? நல்லா கேட்டீங்க போங்க. எங்க வீட்டுல ஒரு ஈயக் காட்டுங்க பாக்கலாம்! கோமதி இருக்கற எடத்துல ஈ வருமா?"

மேடம் என்னையே பார்த்தார்கள். பின்வாசலில் இருந்த தூபக்காலைப் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும்.

"அண்ணே, அது ஈக்குன்னே பூக்குற பூ. செத்தது எதோ கெடக்குன்னு ஏமாந்து வர்ற ஈ, இங்க ஒக்காந்து அங்க ஒக்காந்தாத்தான் காய். அக்கா அத வருஷா வருஷம் சாம்பிராணி போட்டு வெரட்டிக்கிட்டு இருக்காங்க!"

"அப்ப சாம்பிராணிய நிறுத்திட்டா?"

"நிறுத்தினா மட்டும் வராது. புரட்டாசி ஆச்சே. தெருவுல எந்த வீட்லயாவது மீன் கழுவுன தண்ணி இருக்கா?"

எங்கள் தெருவில் மற்ற மாதங்களில் பாதி வீட்டுக்கு மேல் அசைவம்தான். புரட்டாசி பிறந்தால் ஒரு வீட்டிலும் மீன்சட்டி ஏறாது. ஆகவே தெருவில் ஈ இல்லாத ஒரே மாதத்தில், ஈ இல்லாத ஒரே வீட்டில், ஈக்காகப் பூக்கிற பூவை வைத்துக்கொண்டு காய்க்கவில்லை என்று சாமியிடம் முறையிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்னதான் மேடம் பண்றது?"

குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். "கருவாடு."

சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

மேடம் போனபிறகு கோமதி என்னோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. செடி எவ்வளவு பெரிசோ அவள் நியமமும் அவ்வளவு பெரிசு. மறுநாள் பிரதோஷம். கோயிலுக்குப் போய்வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"சன்னதியில நின்னு கேட்டேன்."

"சாமி என்ன சொன்னாரு?"

"அவரு என்னிக்கிப் பேசியிருக்காரு? எனக்காத் தோணிச்சு. மல்லிக்கு வாசன வெச்சதும் அவன்தான், இதுக்கு நாத்தம் வெச்சதும் அவன்தான். வண்டு ஒசத்தி, ஈ மட்டம்னு அவன் சொன்னானா? நான்தான் சொல்லிக்கிட்டுத் தூபக்கால தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "சாம்பிராணி இனிமே பூஜ ரூம்போட சரி. பின்பக்கம் உங்க ஈ ராஜ்ஜியம். ஆனா அதத் தொட்ட கையோட விளக்குத் திரியத் தொட்டீங்க, அப்பறம் இருக்கு சேதி. குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்."

கோமதியின் தம்பி குமார் முதுநகர் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனிடம்தான் சொன்னேன். நம்பவே இல்லை.

"மாமா, ஒடம்பு கிடம்பு நல்லாத்தான இருக்கு? புரட்டாசி சனிக்கிழமையில கருவாடு கேக்குற மொத சைவக்காரர் நீங்கதான்!"

"திங்கறதுக்கு இல்ல மச்சான், ஈக்கு."

"அடேங்கப்பா. ஈக்கு விருந்தாளி மரியாதையா? கருவாட்டுக்காரம்மா என்னப் பாத்து என்ன நெனக்கும்?"

திட்டிக்கொண்டே வாங்கி வந்தான். மேட்டின் ஓரத்தில் குச்சி நட்டு, அதில் கட்டித் தொங்கவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்தேன். மதிய வெயில் ஏறியது. வாடையும் ஏறியது. எதிர்வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்களிடமே வந்து புகார் சொன்னார். "பாருங்கம்மா, புரட்டாசியும் அதுவுமா நம்ம தெருவுல எவனோ கருவாடு வதக்கறான். கலிகாலம்."

நான் வாயைத் திறக்குமுன் கோமதி முந்திக்கொண்டாள். "எவனோ இல்லீங்க, நாங்கதான். பின்னால வந்து பாருங்க, ஈக்குச் சமாராதனை நடக்குது." மனிதர் வந்து பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

வந்தது ஐயா, ஈ. முதலில் ஒன்று. பிறகு பச்சையும் நீலமுமாக மினுக்கிக்கொண்டு ஒரு கூட்டம். கருவாட்டைச் சுற்றின. அங்கிருந்து பூவுக்குத் தாவின. மேடம் தகவல் கேட்டு ஓடிவந்து, கண்ணாடியை என் கையில் கொடுத்தார்கள். ஒரு ஈ இந்தக் குடும்பத்துப் பூவில் காலை விட்டு, மாட்டிக்கொண்டு, உதறி இழுத்துக்கொண்டு பறந்து, எதிர்க் குடும்பத்துப் பூவில் உட்கார்ந்தது.

"என்ன பாத்தீங்க?"

"ஈ காலுல மஞ்சளா ஒட்டிக்கிட்டு இருந்திச்சு மேடம். அங்க போயி ஒக்காந்துட்டு எழுந்திரிச்சப்ப அது இல்ல."

மேடம் என் தோளைத் தட்டினார்கள். அதுவரை செய்ததில்லை.

ஐப்பசி கடைசியில் ஒரு காலை கோமதி பின்பக்கமிருந்து கத்தினாள். "ஏங்க! கொம்பு மொளச்சிருக்கு!" ஓடிப்போய்ப் பார்த்தால், உதிர்ந்த பூ இருந்த இடத்தில் இளம் கன்றுக்குட்டிக் கொம்பு போல இரட்டைக் காய். ஒன்றல்ல, அங்கங்கே. கோமதி உப்பு மிளகாய் எடுத்துவந்து செடிக்குத் திருஷ்டி சுற்றினாள். நான் எதிர்க்குடும்பத்தையும் காட்டி, "சம்பந்திக்கும் சுத்து" என்றேன்.

அதன்பிறகு மழையோடு மல்லுக்கட்டினோம். மேட்டுக்கு மேல் தார்ப்பாய் கட்டினேன். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனபோது கோமதி ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்துக்கொண்டு மழை விடும்வரை நின்றிருக்கிறோம். காய் வெடித்தால் விதை பஞ்சோடு பறந்துவிடும் என்பதால், பழைய வேட்டியைக் கிழித்துச் சின்னப் பைகளாகத் தைத்து ஒவ்வொரு காய்க்கும் மாட்டினாள். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போய் ஆருத்ரா தரிசனம் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், பைகள் புஸ்ஸென்று உப்பியிருந்தன. அவிழ்த்துப் பார்த்தோம். உள்ளே வெள்ளிப் பட்டுநூல், அதன் நுனியில் பழுப்பு விதை. கோமதி பையோடு கொண்டுபோய்ச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். கருவாட்டில் வந்த விதை பூஜை அறைக்குள் போனது.

மணல் மேல் தூவி, லேசாக மூடி, பனிபோல் தண்ணீர் தெளித்தோம். முளைத்தது. செத்தது போக நிறையவே மிஞ்சியது. ஒரு வருஷத்துக்கு மேல் வளர்த்து, ஆடி கடைசியில் தணிகாசலத்தின் வேலி மூலைக்குக் கொண்டுபோய்க் காரைப் புதர்களின் நிழலில் வைத்தோம். வேறு ஊர்க் கள்ளிமுளையான் எதையும் அங்கே கலக்கவில்லை. அந்த மேட்டுப் பிள்ளைகள் மட்டும்தான். அதற்குள் எனக்கு ஓய்வும் வந்தது. மேடமும் வெளியூர் மாற்றலாகிப் போனார்கள்.

செடி வேண்டும் என்று இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காட்டில் கை வைக்காதீர்கள், என் வீட்டுக்கு வாருங்கள். விதையில் முளைத்த கன்று தருகிறேன், இரண்டு குடும்பத்திலும் ஒவ்வொன்று. பூக்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீர்கள், நாற்றத்துக்குக் கோபப்படாதீர்கள். சைவமாக இருந்தால் மச்சானோடு பகைத்துக்கொள்ளாதீர்கள்.

போன புரட்டாசியில் தணிகாசலம் போன் செய்தார். பழைய தை மாதத்துப் போன்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"தோட்டக்காரரே, நீ வெக்காத எடத்துல ஒண்ணு நிக்கிது. வந்து பாரு."

குமார் ஆட்டோவிலேயே நானும் கோமதியும் போனோம். தணிகாசலம் வேலி மூலையைத் தாண்டிக் கூட்டிப் போனார். அன்றைக்கு இயந்திரம் தட்டையாக்கிவிட்டுப் போன பங்காளி நிலம். அதில் மழை அரித்த ஒரு வாய்க்கால் ஓரம், தானாக முளைத்த ஒரு சூரைப் புதருக்கு அடியில், நாலு பட்டைத் தண்டு. நுனியில் கருஞ்சிவப்புப் பந்து. நான் நடவில்லை, தணிகாசலம் நடவில்லை. வேலிக்குள் நாங்கள் நட்டது பூத்து, காய்த்து, வெடித்து, காற்றில் பஞ்சாய்ப் பறந்து தன் பழைய வீட்டுக்குத் தானே திரும்பியிருக்கிறது. வாடை ஆளைத் தூக்கியது. கோமதி மூக்கைப் பொத்தவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள்.

அங்கேயே நின்று மேடத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடித்தேன். மறுமுனையிலிருந்து குரல் வந்தது, எனக்குத் தெரிந்த அதே கேள்வியோடு.

"என்ன பாத்தீங்க அண்ணே?"

குனிந்து, கண்ணுக்குக் கை மறைவு வைத்து, நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"ஈ, மேடம். பூ பூரா ஈ."